சிவப்புப் பூ போட்ட முகம்

அது என் அக்கா இல்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. போன வாரம் நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஹாஸ்டல் அக்கா இறந்துபோன செய்தி வந்தது. நீங்கள் எல்லோரும் கைகூப்பிய பொம்மைகளை வரிசையாக அனுப்பினீர்கள். எத்தனை பிள்ளைகளை ஆளாக்கிய தலைமையாசிரியை என்று எழுதினீர்கள். அத்தனையும் உண்மை. அதோடு விட்டிருக்கலாம். உங்களில் ஒருத்தி, யார் என்று சொல்ல மாட்டேன், முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருப்பவள், பொழுது போகாமல் ஒன்று கேட்டாள். "அந்த முகமூடி டிராமாவுல அவங்களும் ஆடுனாங்கல்ல? அதுலதான நம்ம இவளோட அக்காவுக்குச் சாமி வந்துச்சு, ஞாபகம் இருக்கா?" பக்கத்தில் சிரிக்கிற பொம்மை மூன்று. உடனே பத்துப் பதினைந்து பேர் ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு என்று குதித்தீர்கள்.

உங்களுக்கு ஒரு மண்ணும் ஞாபகம் இல்லை. அன்றைக்கு நீங்கள் பந்தலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தீர்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த முகமூடியைக் கட்டிவிட்டதே நான்தான்.

நம் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதாவது நினைவிருக்கும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் மூன்று கட்டடம், ஒரு வேப்பமரம், மரத்தடியில் குழாய். காலையில் எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் சுண்ணாம்புத் தூசி படிந்து நமக்கெல்லாம் கிழவித் தலை வந்துவிடும். அப்போது அதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போது நிஜமாகவே வந்துவிட்டது, சிரிக்க ஆளில்லை.

நான் ஆறாம் வகுப்பு. அக்கா பதினொன்று. அப்போதெல்லாம் பதினொன்றோடு பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். முடித்துவிட்டுத் திருச்சிக்குப் போய் டீச்சர் ட்ரெய்னிங் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அக்காவுக்கு. பூ வேண்டாம், வளையல் வேண்டாம், சினிமா வேண்டாம். அடுப்படித் தரையில் சுண்ணாம்புக்கல் துண்டால் எழுதிக் காட்டி அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். அம்மா ரேஷன் கடையில் முதன்முதலாகக் கைநாட்டு வைக்காமல் பெயரை எழுதிவிட்டு வந்த அன்று அக்கா வாசலிலேயே குதித்தாள். "என் மொத ஸ்டூடண்ட் பாஸு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்பாவையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் சனத்தில் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். சுரங்கத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர். அந்தச் சட்டைமேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, அதுதான் அவருடைய பயம் முழுவதும். கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் நான் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வருடம்தான் இங்கிலீஷ் டீச்சர் மாற்றலாகி வந்தார். ஆண்டு விழா என்றால் நமக்குக் கோலாட்டமும் குறத்தி டான்ஸும்தானே. அவர் வந்து, இந்த வருடம் அந்தக் காலத்து இங்கிலீஷ் நாடகம் என்றார். பெற்றோருக்குப் புரிய வேண்டும் என்று பெரிய டீச்சர் அடம்பிடித்ததால் தமிழில் எழுதினார். மரத்தடியில் எங்களை உட்காரவைத்து அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"நானூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துல ஒரு ராணி இருந்தாங்க. அவங்க காலத்து நாடகத்துல விருந்து நடக்குறப்ப நடுவுல முகமூடிக்காரங்க வருவாங்க. பந்தம் புடிச்சுக்கிட்டு, கொட்டு அடிச்சுக்கிட்டு. யாரு என்னன்னு தெரியாது. விருந்துக்கு வந்தவங்களோட சேந்து ஆடுவாங்க. சொந்த முகத்தோட சொல்ல முடியாததையெல்லாம் அதுக்குள்ள இருந்துக்கிட்டுச் சொல்லுவாங்க. கடைசியில ஒருத்தர் வந்து முகத்தைக் காட்டுங்கன்னு சொல்லணும். அப்பதான் கழட்டுவாங்க."

"கழட்டலன்னா டீச்சர்?" என்று அக்கா கேட்டாள். அக்காதான் கேட்டாள்.

"கழட்டி முடிஞ்சா அது கல்யாண நாடகம். கழட்டாம முடிஞ்சா கொலை நாடகம். உள்ள எவனாச்சும் கத்தி வச்சிருப்பான்."

நாங்கள் சிரித்தோம். அங்கே பெண் வேடத்தையும் பையன்கள்தான் கட்டுவார்களாம், இங்கே நாம் மீசை வரைந்துகொண்டு பிரபுக்களாகப் போகிறோம் என்று அதற்கும் சிரித்தோம். நாலு சீமாட்டிகள், நாலு பிரபுக்கள், எட்டுப் பேருக்கும் முகமூடி. சீமாட்டிகளை அடையாளம் காட்ட நெற்றியில் ஒவ்வொரு நிறத்தில் பூ. ஒரு பிரபு பூவை நம்பி வேறு ஒருத்தியிடம் போய் உருகுவார், அதுதான் வேடிக்கை. அக்காவுக்குச் சிவப்புப் பூ. ஹாஸ்டல் அக்காவுக்குப் பச்சை. எனக்கு வசனம் ஒன்றே ஒன்று. செல்லோபேன் தாள் ஒட்டிய பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்து, "விருந்தினரே, ஆட்டம் முடிந்தது. முகங்களைக் காட்டுங்கள்!" என்று சொல்ல வேண்டும். டீச்சர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, "கடைசி வரிசைக்குக் கேக்கல! திருப்பிச் சொல்லு!" என்பார். எனக்குக் கோழிக்குஞ்சுக் குரல். கடைசி வரை கேட்கவேயில்லை.

ஹாஸ்டல் அக்காவைத் தலைமையாசிரியையாகத்தான் உங்களுக்குத் தெரியும். அப்போது அவர் ஒல்லியாக, நீள முகமாக, வலது பாதம் உள்பக்கம் திரும்பி நடக்கிற ஒரு பிள்ளை. அப்பா அம்மா இல்லை. விடுதிச் சோறு, விடுதிப் பாய். அக்காவும் அவரும் ஒரே புத்தகத்தை ஆளுக்குப் பாதி நாள் வைத்துப் படித்தார்கள். அவருக்கு வலிப்பு உண்டு என்பது அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தால் விடுதியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய வருடம் அப்படி ஒரு பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். போனால் அவருக்குப் போக இடமில்லை.

முகமூடி செய்த விதம் நினைவிருக்கிறதா? ஒவ்வொருத்தியையும் வேப்பமரத்தடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகமெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, மூச்சு விட மூக்கில் இரண்டு துண்டு பப்பாளித் தண்டைச் செருகி, பழைய விடைத்தாள்களைக் கிழித்துப் புளியங்கொட்டைப் பசையில் நனைத்து ஒட்டினார் டீச்சர். பாதி காய்ந்ததும் மெல்ல உரித்து எடுப்பார். அவரவர் முகம் அவரவர் கைக்கு வரும். அக்காவின் முகத்தை நான்தான் வாங்கிப் பிடித்தேன். சூடாக இருந்தது. உள்பக்கம் கன்னத்தில் யாருடையதோ வரலாற்றுத் தாள், சிவப்பு மையில் நூற்றுக்குப் பதினொன்று என்று போட்டிருந்தது. மேலே சுண்ணாம்பு அடித்துப் பூ வரைந்து, காய வீட்டுக்குக் கொண்டுவந்து பானைமேல் கவிழ்த்தோம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வூட்டுல ஒரே ஆளுக்கு ரெண்டு மூஞ்சி எதுக்குடி? கண்ணை வேற தொறந்துட்டீங்க. கண்ணு தொறந்தா அதுக்குச் சோறு வைக்கணும்டி" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். காலையில் பானைக்கு முன்னால் ஒரு கைப்பிடிச் சோறு இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசியதைக் கேட்டுவிட்டேன். பெரம்பலூரில் ஒரு மாப்பிள்ளை. நம் பக்கத்து வழக்கம் தெரியுமே, முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பெண்ணுக்கே தெரியாமல் ஒருதரம் பார்த்துவிட்டுப் போவார்கள். பஸ் ஸ்டாண்டிலோ கோயிலிலோ. பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் போய்விடலாம், பெண்ணுக்குப் பேர் கெடாது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஆண்டு விழாவுக்கு வருகிறார். "மூடி போட்டு ஆடுறாளுவளாம். மூஞ்சி பொறவு பாத்துக்கலாம், நடையும் முடியும் பாத்தா போதும்னு சொல்றாங்க. நெத்தியில செகப்புப் பூ போட்டது நம்ம புள்ளன்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா. பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயிற்று. பிறகு, "குட்டி, முகமூடியெல்லாம் எடுத்துக் கட்டிவிடுறது நீதானே?" என்றாள்.

மறுநாள் வேப்பமரத்தடியில் அவர்கள் இருவரும் பேசிச் சிரித்தார்கள். பூவை மாற்றிக் கட்டுகிற யோசனை அந்த நாடகத்திலேயே இருந்ததுதான். ஹாஸ்டல் அக்கா எழுந்து பாதத்தை இன்னும் கொஞ்சம் கோணி நடந்து காட்டினார். "என் நடைய ஒருதரம் பாத்தா போதும், அந்தப் பெரியம்மா அடுத்த பஸ்ஸுல ஏறிருவாங்க." நானும் சிரித்தேன். என்னை எச்சில் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பெரிய பெண்கள் ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்த பெருமையில் தலைகால் தெரியவில்லை.

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. மாசி மாத வெயில் பந்தல் துணியைத் துளைத்துக்கொண்டு வந்தது. திரைக்குப் பின்னால் நான் முகமூடித் தட்டோடு வரிசையாக வந்தேன். அக்காவுக்குப் பச்சைப் பூவைக் கட்டினேன். ஹாஸ்டல் அக்காவுக்குச் சிவப்பு. அவருடைய நீள முகத்துக்கு அக்காவின் முகமூடி போதவில்லை. மூக்குத் துளை மூக்குக்கு நேராக வரவில்லை. "இறுக்கிக் கட்டுடி, வுழுந்துரப் போவுது" என்றார். இறுக்கினேன். இரட்டை முடிச்சு. உள்ளே அவர் மூச்சு பானைக்குள் ஊதுகிற மாதிரி கேட்டது. கொரோனா காலத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு திரிந்தபோது என்னால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. பக்கத்தில் யார் மூச்சு விட்டாலும் அந்தச் சத்தம்தான்.

முதல் சுற்றில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. கொட்டுச் சத்தத்துக்கு ஹாஸ்டல் அக்கா காலைக் கோணிக்கோணி ஆடினார். திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் பச்சைக் கரைப் புடவை கட்டிய பெரியம்மாவின் வாய் ஒரு பக்கம் போயிற்று. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாவது சுற்றில் சிவப்புப் பூ நின்றது. கை இரண்டும் முகமூடிக்குப் போயின. முடிச்சைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. பின்னல் அவிழ்ந்தது. பிறகு மேடைப் பலகை அதிர விழுந்து உதறத் தொடங்கியது. முதல் குரல் யாருடையது என்று தெரியாது. "சாமி வந்துருச்சுடி! எலுமிச்சம்பழம் கொண்டாங்க!" அவ்வளவுதான், பந்தலே எழுந்துவிட்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ குலவை போட்டார்கள். டீச்சர் ஓடிவந்து திரையை இழுத்துவிட்டார். நான் பந்தத்தோடு ஓரத்தில் நின்றேன். என் வசனத்தை யாரும் கேட்கவில்லை.

திரைக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. டீச்சர் கத்தரிக்கோலால் என் முடிச்சை வெட்டினார். ஹாஸ்டல் அக்காவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு திரும்பியதும் அவர் முதலில் சொன்னது, "வார்டனுக்குச் சொல்லிராதீங்க டீச்சர்." டீச்சரும் அக்காவும் அவரைத் தூக்கித் துணிப் பெட்டிகளுக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா தன் பச்சைப் பூவைக் கழற்றி எறிந்தாள். பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். சிவப்புப் பூ முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு மேடை நடுவில் உட்கார்ந்தாள். அப்பா உள்ளே வந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. தல சுத்திருச்சு" என்றாள் அக்கா.

டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போக்கிடம் இல்லாத பிள்ளையைக் காப்பாற்றுகிறோம், வீடு வாசல் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருப்பார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த மாதமே அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரியம்மா அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஆனால் சத்தமில்லாமல் ஏறவில்லை. சாமி வருகிற பெண், வீடு தாங்காது என்று பெரம்பலூர் வரை சொல்லிக்கொண்டு போனார். ராத்திரிக்குள் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது. "இனிமே இந்த வூட்டுலேருந்து டிராமா, டான்ஸுன்னு எவளாச்சும் வாயத் தொறந்தா பள்ளிக்கூடமே கெடையாது. ரெண்டு பேருக்கும்" என்றார். அக்காமேல் வந்ததைக் குலசாமி கோயிலில் வைத்து விரட்ட வேண்டும், அது அடங்கும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். அக்கா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசற்படியில் நின்றாள். இது அவள் எதிர்பார்க்காதது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"நான் இல்லப்பா அது" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். "பாப்பா. நீதான கட்டிவுட்ட. அப்பாகிட்ட மறைக்காமச் சொல்லு. செகப்புப் பூவ யாருக்குக் கட்டுன?"

இதைத்தான் ஐம்பது வருடமாக யோசிக்கிறேன். சத்தியம் செய்திருந்தேன், அதனால் சொல்லவில்லை என்று என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். ஹாஸ்டல் அக்காவைப் பற்றி அந்த நிமிடத்தில் எனக்கு நினைப்பே இல்லை. மாற்றிக் கட்டியவள் நான், முடிச்சு போட்டவள் நான், உண்மையைச் சொன்னால் என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார். அது ஒன்றுதான் நெஞ்சில் இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது, சொல்லிவிடு என்கிற பார்வை. அப்போதே எனக்குத் தெரியும்.

"அக்காவுக்கு" என்றேன்.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே அழத் தொடங்கினார். "நான் உங்கப்பாகிட்ட சொல்லிடுறேன். என்னான்னாலும் ஆவட்டும்." அக்கா அவர் கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டாள். "ஒரு மாசத்துல அடங்கிருச்சுன்னு சொல்லி நான் வந்துடுவேன். நீ போயிப் படி. புக்கு முழுசா நீயே வச்சுக்க" என்றாள். அவர் அதை நம்பிக்கொண்டு போனார்.

எங்கள் குலசாமி கோயில் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. திருமழபாடி பஸ்ஸில் போய் இறங்கி மணலில் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் போனோம். அக்காவின் முடியை அவிழ்த்துவிட்டு உட்காரவைத்து உடுக்கை அடிப்பார்கள். யார் நீ, யார் நீ என்று பூசாரி கேட்பார். நான்தான், நான்தான் என்று அவள் சொல்வாள். அந்தப் பதிலை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை பரீட்சை தொடங்கியது. காலையில் நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னையும் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டதால் யூனிபார்மோடே போனேன். அன்று உடுக்கை தொடங்கியதும் அக்கா தலையைச் சுழற்றினாள். மணலைக் கைநிறைய அள்ளி வீசினாள். எல்லோரும் பின்வாங்கினார்கள். அடித்தொண்டையில் ஒரு குரல் வந்தது. "இவளைப் பரீட்சைக்கு அனுப்பு! இப்பவே அனுப்பு!"

எனக்குப் புரிந்துவிட்டது. சாமி சொன்னால் அப்பா கேட்பார் என்று நினைத்துவிட்டாள். அக்கா கெட்டிக்காரி. ஆனால் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "எந்தச் சாமிம்மா பரீட்சை கேக்கும்? புடவை கேக்கும், கெடா கேக்கும். இது எவளோ படிக்குறப்ப செத்துப்போன பொண்ணு" என்றார் பூசாரி. வேப்பிலையால் ஓங்கி அடித்தார். பத்து மணி ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருப்பார்கள், வினாத்தாள் கொடுத்திருப்பார்கள். அக்கா மணலில் முகம் புதைத்துக் கிடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் யாரும் அடிக்கும் முன்பே எழுந்து ஆடினாள். மஞ்சள் புடவை கேட்டாள். எலுமிச்சை கேட்டாள். பூசாரி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எல்லோரும் அவள் காலில் விழுந்தார்கள். அப்பாவும் சட்டையோடு மணலில் விழுந்தார். அழுதார், ஆனந்தத்தில். பிள்ளையில்லாத ஒருத்தி வரம் கேட்டாள், அக்கா திருநீறு கொடுத்தாள். அவள் கண் மட்டும் என்மேல் ஒருமுறை நின்றுவிட்டுப் போயிற்று.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பாடாலூரில் மனைவியை இழந்த ஒருவருக்கு அக்காவைக் கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர், பக்திமான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அம்மன் வைத்தார். செவ்வாய், வெள்ளியில் அக்கா குறி சொன்னாள். சாலையில் போகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருவார்கள். உங்களில் மூன்று பேர் உங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குறி கேட்டிருக்கிறீர்கள், நானே அழைத்துப் போயிருக்கிறேன். நான் படித்தேன். தாலுகா ஆபீசில் வேலை, பென்ஷன், பேத்திகள். ஹாஸ்டல் அக்கா அந்த முழுப் புத்தகத்தையும் படித்துப் பாஸ் செய்து, திருச்சிக்குப் போய்ப் படித்து, டீச்சரானார். இரண்டு பேர் அந்த முகமூடிக்கு வெளியே வந்துவிட்டோம். வருடம் ஒருமுறை அவர் பாடாலூருக்கு வந்து அக்காவோடு கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அவர் போன செய்தியைச் சொல்ல இந்தப் புதன்கிழமை அக்காவிடம் போனேன். கூட்டம் இல்லாத நாள். ஆடி வருகிறது என்று அம்மன் முகத்தைக் கலசத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனமும் மஞ்சளும் அடுக்கடுக்காக அப்பி, வெள்ளிக் கண் பதித்து, மூக்குத்தி வைத்த முகம். நாற்பது வருடத்துக்கு மேல் தள்ளி நின்று கும்பிட்டிருக்கிறேன். செய்தியைச் சொன்னேன். துடைத்த கை நின்றது. "வலியில்லாமப் போனாளா?" என்றாள். தூக்கத்தில் என்றேன். தலையாட்டினாள்.

பிறகு குழுவில் நீங்கள் எழுதியதைச் சொன்னேன், சிரிக்கிற பொம்மை உட்பட. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வருடம் கேட்காததைக் கேட்டேன். "அக்கா, உனக்கு நெசமாவே வருதா?"

அவள் மடியில் இருந்த முகத்தைத் திருப்பினாள். உள்பக்கம் பித்தளை இல்லை, வெள்ளி இல்லை. பழுப்பேறிய காகிதம். கன்னத்தருகே மங்கிய சிவப்பு மையில் நூற்றுக்குப் பதினொன்று.

பதினாறு வயது அக்காவின் முகத்தைத்தான் அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு அறுபத்தாறு ஆகிறது.

"நானும் பாத்தேன்டி. இன்னிக்கு முடியும், நாளைக்கு முடியும்னு. யாரும் கழட்டச் சொல்லவேயில்லையே" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அந்த வசனம் உன்னோடதுதான?"

வெளியே சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கையில் பந்தம் இல்லை. "விருந்தினரே, ஆட்டம் முடிந்தது" என்றேன். "முகங்களைக் காட்டுங்கள்."

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்சம் சிரித்தாள் என்றுகூடச் சொல்வேன்.

"சத்தம் பத்தல குட்டி" என்றாள். "கடைசி வரிசைக்குக் கேக்கல. அவளும் போயிட்டா, இனிமே யாருக்காகப் பயந்துக்கிட்டு? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்கிறேன். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்தான். சிவப்புப் பூவை நான் என் அக்காவுக்குக் கட்டவில்லை.